கதவைச் சாத்துனா நெட்டு வராது

வாங்க தம்பி, வாங்க. செருப்பு இருக்கட்டுமுங்க, போட்டுட்டே வாங்க. இந்த ஊட்டுல அழுக்குப் பண்றவனும் நான்தான், கூட்டறவனும் நான்தான். நீங்கதானுங்களே குணசேகரன்? ஆபீஸ்ல போன் எடுக்கற அந்தப் புள்ளை சொல்லுச்சு, குணசேகரன்னு ஒருத்தரை அனுப்பறோம், பொறுமையான ஆளுன்னு. அந்தப் புள்ளைக்கு என்ற கொரலு நல்லாப் பழகிப்போச்சுங்க. "சென்னியப்பன் சாரா, மறுபடியும் நெட்டா?"ன்னு எடுத்ததுமே கேட்டுப்போடும். கல்யாணம் நிச்சயம் ஆயிருக்குதாமா அதுக்கு. பெருந்துறைப் பக்கம் மாப்பிள்ளை. உங்களுக்குச் சொல்லலியா? எங்கிட்டச் சொல்லுச்சு.

இக்கட்டால வாங்க. இந்த ரூமுதான். இதானுங்க லேப்டாப்பு. கீழ மூலைல பாருங்க, உருண்டையா ஒண்ணு தெரியுது, அது மேல பெருக்கல் குறி போட்டிருக்குது. என்ன சமாச்சாரம்னு அதை அமுக்கிப் பாத்தா, வயரே செருகலைங்குது. செருகித்தானுங்க இருக்குது. 'டிக்'குன்னு சத்தம் வர்ற வரைக்கும் நானே செருகினேன். உருவிட்டு மறுபடியும் செருகினேன். அந்தக் கடைசில நெட்டுப் பொட்டியில இருக்கற முனையையும் உருவிச் செருகினேன். பொட்டிய அணைச்சுப் போட்டுட்டு ஒரு காப்பி வெச்சுக் குடிச்சுட்டு வந்து மறுபடி போட்டேன். லேப்டாப்பையும் அணைச்சுப் போட்டுப் பாத்தாச்சு. நீங்க போன்ல சொல்றதெல்லாம் எனக்கு மனப்பாடமுங்க. எல்லாம் பண்ணிட்டுத்தான் கூப்பிட்டேன்.

பாருங்க, நல்லாப் பாருங்க. ஒரு வார்த்தை மட்டும் சொல்லிப்போடறேன். ஏனோதானோன்னு பாத்துட்டுப் போயிராதீங்க. இந்த நெட்டுனாலதான் என்ற பொண்ணு ஊட்டை உட்டுப் போயிட்டா.

அட, நீங்க ஏன் பதறறீங்க? ஓடிப்போகலீங்க. கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்கறா. வேலைக்காகப் போயிருக்கறா. கம்ப்யூட்டர் வேலை. இங்கிருந்தேதான் பாத்துட்டிருந்தா, இதே மேசையில, இந்தச் சேர்ல. நெட்டு செரியில்லாமப் போயி, இனி முடியாதுங்கப்பான்னுட்டுப் போனா. நெட்டு செரியாயிட்டா வந்துருவா. அதனாலதான் சொல்றேன், பொறுமையாப் பாருங்கன்னு. நீங்க பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருப்பேன். கண்டுக்காதீங்க. ரெண்டு நாயம் பேச ஆளில்லாம வாயே பூசணம் புடிச்சுப்போச்சு.

மோகனப்பிரியான்னு பேரு. மோகனான்னு கூப்புடுவோம். ஒரே புள்ளை. கொரோனா வந்தப்ப ஆபீஸ்காரன் எல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டான். அந்த வருசந்தான் என்ற சம்சாரமும் போனா. கொரோனா இல்லீங்க, வேற சீக்கு. சாந்தாமணின்னு பேரு. அங்க ஹால்ல செவுத்துல பாத்தீங்களா, சென்னிமலை முருகன் படத்துக்குக் கீழ, சந்தனமாலை போட்டு? அதான். அப்ப ஊட்டுல நானும் மோகனாவும்தான். எல்லாரும் பாவம் பாவம்னாங்க. நான் நெனைச்சேன், போறவ புள்ளைய எங்கிட்ட உட்டுட்டாவது போனாளேன்னு. அந்தப் புள்ளை மட்டும் அப்ப இல்லாமப் போயிருந்தா நானும் சாந்தாமணி பின்னாடியே போயிருப்பேன். நெசமாத்தான் சொல்றேன்.

ஆபீஸ்ல கண்டிசனாச் சொல்லிட்டானுங்க, வயரு நெட்டுதான் போடோணும், காத்துல வர்ற நெட்டு உதவாதுன்னு. பொட்டி இருக்கறது ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல. வயரை இந்த ரூமுக்குக் கொண்டாரோணும். அப்ப வந்த ஆளு, உங்கள மாதிரிதான், மெசினைக் கையில எடுத்துட்டு, செவுத்துல ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சுதுங்கன்னான். எந்தச் செவுத்துலங்கறீங்க? சாமி இருக்கற செவுத்துல! அந்தப் பக்கம் முருகன், முருகனுக்குக் கீழ சாந்தாமணி. அதுல மெசினை வெச்சுத் தொளைக்கறதா? உட மாட்டேன்னுட்டேன். சன்னல் வழியா வெளிய சுத்திக் கொண்டாந்தான். அணிலு கடிச்சுப்போட்டுது. அப்பறம் வேற வழியே இல்லாம, ஹால்ல இருந்து தரையோட தரையா இழுத்து, இந்தக் கதவு வழியாத்தான் உள்ள உட்டோம்.

அங்கதானுங்க வந்தது வினை.

கதவு தொறந்திருந்தா ஒரு தொந்தரவும் இல்லை. நெட்டு நல்லா வரும். இவ கதவைச் சாத்துவா. சாத்துனா வயரு கதவுக்கும் நெலைக்கும் நடுவால சிக்கி நசுங்கும். நெட்டு போயிரும். போனதும் "அப்பா, நெட்டு போயிருச்சு"ன்னு உள்ளிருந்து கத்துவா. நான் போயி கதவைத் தொறந்துட்டுச் சொல்லுவேன், "கதவைச் சாத்துனா நெட்டு வராது கண்ணு"ன்னு. அதுதானுங்களே நெசம்? எத்தனை தரம் சொன்னாலும் அந்தப் புள்ளைக்கு மண்டையில ஏறலை. படிச்ச புள்ளை. நெசமாலும் எனக்கு அது மட்டும் புரியவே இல்லீங்க, ஊட்டுல இருக்கறது நானும் அவளும். கதவைச் சாத்தறதுக்கு என்ன இருக்குது?

மீட்டிங்கும்பா. செரி, மீட்டிங் பேசு. நான் என்ன மீட்டிங்குக்குள்ளயா வர்றேன்? நான் பாட்டுக்கு ஹால்ல சேர் போட்டு உக்காந்திருப்பேன். கதவு தொறந்திருந்தா அங்கிருந்து பாத்தா அவ முதுகு தெரியும். அது போதுமுங்க எனக்கு. தலைய ஒரு பக்கமாச் சாய்ச்சு, காதுல அந்த ஹெட்போனை மாட்டிட்டு, தட்டிட்டே இருப்பா. அந்த முதுகைப் பாத்துட்டுத்தான் நான் சோறே உண்டது. டிவி ஓடிட்டே இருக்கும், எனக்கு டிவியில ஒண்ணும் ஏறாது.

நான் பஸ்ஸுல செக்கரா இருந்தவனுங்க. கவர்மெண்டு பஸ்ஸு. ஈரோடு, சத்தி, பவானி, அந்தியூரு, இந்தப் பக்கம் பூராத்துக்கும். பின்னால ஏறுனா முன்னால எறங்கறதுக்குள்ள, ஆருகிட்ட டிக்கெட்டு இல்லைன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிப்போடுவேன். வண்டி பூராத்தையும் ஒரு பார்வை பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும். அந்தப் பழக்கம் ஊட்டுலயும் வந்துருச்சு. இந்த ஊட்டுல இருக்கற ஒரே பாசஞ்சர் அவதான். அவளைப் பாக்காம வேற ஆரைப் பாக்கறது?

என்னங்க அது, சின்ன டப்பா? ரெண்டு முனைலயும் மாட்டறீங்க... ஓ, லைட்டு வருசையா எரியோணுமா? நல்லா இருக்குதே. நடுவால ரெண்டு எரியலீங்களே. அப்ப வயருதானா? நான் சொன்னேன்ல. பாருங்க, பாருங்க, எந்த எடத்துலன்னு பாருங்க.

நான் தொந்தரவே பண்றதில்லீங்க அவளை. மத்தியானம் ஒரு தரம் போயி, சோறு உண்டாச்சான்னு கேப்பேன். பொழுதோட ஒரு தரம் காப்பி. நடுவால முறுக்கு, பொரி, ஏதாச்சும். ஒரு நாளு போனப்ப, அவ மேனேஜரு, பொம்பளை ஆளுதான், பெங்களூர்க்காரி, அந்த ஸ்கிரீன்ல இருந்துச்சு. நம்ம புள்ளைக்கு அன்னைக்குச் சளி. நான் குனிஞ்சு வணக்கம் சொல்லி, "அம்மா, பாப்பாவுக்கு ஒடம்பு செரியில்லீங்க, எங்ககூடவே இருக்கற புள்ளை, கொஞ்சம் பாத்து வேலை குடுங்க"ன்னேன். தமிழ்லதான். அந்தம்மா சிரிச்சுச்சு, கூட இன்னும் பத்துப் பேரு சின்னச் சின்னக் கட்டத்துல தெரிஞ்சாங்க, அவங்களும் சிரிச்சாங்க. நல்ல ஜனங்க. மோகனா அன்னைக்குப் பொழுதுக்கும் பேசலை. சளி புடிச்சா தொண்டை கட்டுமில்லீங்களா.

அப்பறம் ஒரு பையன்கூடப் பேசுவா. கூட வேலை பாக்கறவனாம். மெதுவாப் பேசுவா, நடுவால சிரிப்பா. நான் தப்பா நெனைக்கலீங்க. இந்தக் காலத்துப் புள்ளைங்க, பேசட்டும். ஆனா அவ கொரலு எறங்குச்சுன்னா எனக்கு நெட்டு வீக்காயிருச்சோன்னு ரோசனை வந்துரும். எந்திரிச்சுப் போயி, கதவுகிட்டக் குனிஞ்சு, வயரு லூசா இருக்குதான்னு சித்த அசைச்சுப் பாப்பேன். நான் குனிஞ்சா அவ பேச்சை நிறுத்திப்போடுவா. "என்னங்கப்பா?"ம்பா. "வயரு கண்ணு"ம்பேன். "நெட்டு நல்லாத்தாங்கப்பா வருது"ம்பா. "அதுக்குத்தான் பாக்கறேன்"ம்பேன். நான் அப்படிக் கண்ணுல எண்ணெய் ஊத்திப் பாத்ததாலதான் அத்தனை நாளாச்சும் அந்த நெட்டு ஓடுச்சு.

இந்தக் கூத்தைக் கேளுங்க. ஒரு நாளு கொரியர்ல ஒரு வயரு வந்துச்சு. அவளே வாங்கியிருக்கறா. பட்டையா, ரிப்பன் மாதிரி. கதவுக்கு அடியில அலுங்காமப் போவுது. கதவைச் சாத்துனாலும் நெட்டு வருது. ரெண்டு நாளு கதவைச் சாத்திட்டே வேலை பாத்தா. நான் ஹால்ல உக்காந்து கதவையே பாத்துட்டிருந்தேன். கதவைப் பாத்துட்டு எவ்வளவு நேரமுங்க உக்காந்திருக்கறது? மூணாம் நாளு அவ குளிக்கப் போனப்ப அந்த வயரைக் கையில எடுத்துப் பாத்தேன். சருகாட்டம் இருக்குது. ஒண்ணும் இல்லை உள்ள. இது எத்தனை நாளைக்கு வரும், நீங்களே சொல்லுங்க? உருவிப்போட்டுட்டு, ஈரோடு போயி, இருக்கறதுலயே கெட்டியான வயரா, ஒண்ணாம் நெம்பர் வயரா வாங்கியாந்து போட்டேன். நீங்க இப்பப் புடிச்சிருக்கறது அதுதான். வெரல் தண்டி இருக்குது பாருங்க.

அவ குளிச்சுட்டு வந்து பாத்தா. தலையில துண்டோட அப்படியே நின்னா. "அந்த வயரு எங்கங்கப்பா?"ன்னா. "அது தேறாது கண்ணு, இது பத்து வருசம் வரும்"னேன். தங்கமான புள்ளை, எதுத்து ஒரு வார்த்தை பேசாது. சாந்தாமணி அப்படித்தான் வளத்தா.

அப்பறந்தான் தை மாசம், பொங்கல் முடிஞ்சு, துணிமணியெல்லாம் எடுத்து வெச்சா. "இங்க நெட்டு செரிப்பட்டு வரலீங்கப்பா, நான் கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்துக்கறேன்"னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "நெட்டு செரியாயிட்டா வந்துருவியா கண்ணு?"ன்னேன். பையைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தா. "வர்றேங்கப்பா"ன்னா. சொல்லிட்டு என்ற கையைப் புடிச்சுட்டு ஒரே அழுகை. நெட்டு செரியில்லைன்னு போயி ஆராச்சும் இப்படி அழுவாங்களான்னு நான்தான் சமாதானம் சொல்லி பஸ் ஏத்திவுட்டேன். நம்ம பசங்கதான் டிரைவரு, கண்டக்டரு எல்லாம். பாத்துக் கூட்டிட்டுப் போங்கடான்னு சொல்லி அனுப்பிச்சேன்.

அன்னையில இருந்து எனக்கு இதே வேலைதானுங்க. பழைய கம்பெனியத் தூக்கிப்போட்டுட்டு உங்க கம்பெனிக்கு மாறுனேன். பொட்டிய மாத்துனேன். சோதிச்சுப் பாக்கறதுக்குன்னே இந்த லேப்டாப்பை வாங்குனேன். எனக்கு இதுல வேற ஒண்ணும் தெரியாது. தொறக்கறது, வயரைச் செருகறது, அந்த வேகம் பாக்கறது இருக்குதில்லீங்களா, பஸ்ஸுல இருக்கற மாதிரி முள்ளு ஓடுமே, அதைப் பாக்கறது. முள்ளு நல்லா ஏறுச்சுன்னா போன்ல போட்டோ புடிச்சு மோகனாவுக்கு அனுப்பிப்போடுவேன். தெனமும். முதல்ல "சூப்பருங்கப்பா"ன்னு எழுதுவா. அப்பறம் கட்டைவெரல் போடுவா. இப்பெல்லாம் பாக்கறா, நீலமா ரெண்டு கோடு வருது, அவ்வளவுதான். வேலை ஜாஸ்தி.

ஞாயித்துக்கெழமையானா வருவான்னு நெனைப்பேன். முன்னால வந்துட்டிருந்தா. கொஞ்ச நாளாக் காணோம். நெட்டு நல்லா இருக்குதுன்னு போட்டோவுல பாத்தாலும், நேர்ல வந்து உக்காந்து பாத்தாத்தானே நம்பிக்கை வரும்? வா கண்ணு, வந்து பாருன்னேன். பாக்கலாங்கப்பாங்கறா. இந்த நேரம் பாத்து நேத்தையில இருந்து இப்படி பெருக்கல் குறி போட்டுட்டு உக்காந்திருக்குது. நேத்து போட்டோ அனுப்ப முடியலை. ஏன் அனுப்பலைன்னு அவளும் கேக்கலை.

என்னங்க? கண்டுபுடிச்சாச்சா? எங்க, காட்டுங்க.

கதவுகிட்டயா? நசுங்கியிருக்குதா? அதெப்படிங்க? அவ போனதுல இருந்து இது தொறந்தேதான கெடக்குது. ஆரு சாத்தறாங்கன்னு கேக்கறீங்களா? இந்த ஊட்டுல ஆரு இருக்கறா? காத்துல சாத்தியிருக்கும்.

...இல்லீங்க. காத்து இல்லை. நான்தான் சாத்தறேன்.

பொழுதோட சாத்துவேன். விடிஞ்சா தொறந்துருவேன். என்னத்துக்குன்னா... தூசி வருதுங்க, அதுக்குத்தான். லேப்டாப்புல தூசி படக்கூடாதில்லை? தூசியும் ஒரு காரணந்தான். என்னன்னா, ஹால்ல உக்காந்து டிவி பாத்துட்டிருக்கறப்ப அந்தக் கதவு தொறந்து கெடந்தா, உள்ள இருட்டா, அந்தச் சேர் மட்டும் தெரியுது. முதுகு இல்லாம வெறுஞ்சேரு. ஒரு தரம் பாத்தா மறுபடியும் பாக்கச் சொல்லுது. சோறு எறங்க மாட்டேங்குது. போன வாரம் ஒரு நாளு என்னை அறியாம "மோகனா, சோறு உண்டாச்சா?"ன்னு கேட்டுப்போட்டேன். கேட்டுட்டு நானே பயந்துட்டேன். தனியா இருக்கறது இவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க தம்பி. அறுபத்தாறு வயசுல, கொழந்தையாட்டம், ரூமைப் பாக்கறதுக்குப் பயமா இருக்குது. அதான் சாத்திப்போடறேன். சாத்திட்டா ஒரு மாதிரி, உள்ள அவ இருக்கறான்னு நெனைச்சுக்கலாம்.

அதுல இந்தப் பாழாப்போன வயரு நசுங்கும்னு எனக்கு ரோசனை போகலை பாருங்க. அவளை எத்தனை தரம் சத்தம் போட்டிருக்கறேன் இதுக்கு.

செரி. இப்ப என்னங்க பண்றது? புது வயரு போட்டாலும் மறுபடியும் நசுங்குமா? நசுங்கும். ஆமா. அப்ப ஓட்டைதான் வழிங்கறீங்க. செவுத்துல.

இருங்க தம்பி, சித்த இருங்க. ரோசனை பண்ணிக்கறேன்.

போடுங்க. போட்டுருங்க. முருகன் என்ன கோவிச்சுக்கவா போறான்? அவனும் ரெண்டு பொண்டாட்டி கட்டிக் குடும்பம் நடத்தறவந்தானே, புள்ளை ஊட்டுக்கு வரட்டும்னு உட்டுக்குடுக்க மாட்டானா? படத்தை ரெண்டையும் நான் எறக்கித் தர்றேன், தூசி படாம அக்கட்டால வெச்சுக்கறேன். சாந்தாமணி, கொஞ்சம் பொறுத்துக்கோ. உன்ற புள்ளைக்காகத்தான். கீழ போடுங்க தம்பி, முடிஞ்ச வரைக்கும் கீழ, தரையோட ஒட்டி. ஆங், அங்கதான். போடுங்க, நான் கண்ணை மூடிக்கறேன்.

ஆச்சா? இவ்வளவுதானா! ஒரு நிமிசத்துல முடிஞ்சுதே. இதுக்கா இத்தனை வருசம்... செரி, புது வயரை உடுங்க. நான் அந்தப் பக்கம் போயி வாங்கிக்கறேன். வந்துருச்சு, வந்துருச்சு. வயரு முனைக்குத் தலையை மாட்டுங்க. செருகுங்க. பெருக்கல் குறி போயிருச்சுங்க! முள்ளைப் பாருங்க, என்னமா ஏறுது!

இருங்க, கதவைச் சாத்திப் பாக்கறேன். நீங்க ஹால்லயே இருங்க, நான் உள்ள இருக்கறேன்.

தம்பி! வருதுங்க! கதவைச் சாத்தியும் வருது! நீங்க ஏதாச்சும் பேசுங்க... இருங்க, தொறக்கறேன். பேசுனீங்களா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. டிவி சத்தம்கூடக் கேக்கலை. நானே இந்த ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டு உக்காந்ததே இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது. ஆரோ தலைமேல நிக்கற மாதிரி இல்லாம, விச்சிராந்தியா இருக்குது.

இப்பவே அவளைக் கூப்புடறேன். நீங்க இருங்க, போயிராதீங்க. அவ நம்பலைன்னா நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. அடிக்குது. எடுக்கறதுக்குக் கொஞ்சம் நேரமாகும், எப்பவும் அப்படித்தான். எடுத்துட்டா.

கண்ணு, அப்பா பேசறேன். சாப்புட்டியா? செரி செரி. கேளு, நெட்டு செரியாயிருச்சு. ஓட்டை போட்டாச்சு. செவுத்துலதான். ஆமா, சாமி செவுத்துலதான். அம்மா படத்தைக் கழட்டி வெச்சுட்டுத்தான் போட்டோம். ஆமா கண்ணு, நானேதான் போடச் சொன்னேன். நெசமாத்தான். இனி கதவைச் சாத்திக்கலாம். நாளெல்லாம் சாத்திக்கலாம், நெட்டு போகவே போகாது. நான் உள்ள உக்காந்து பாத்துட்டேன். என்ன கண்ணு, அழுவறியா? எதுக்குக் கண்ணு? சந்தோசமான விசயந்தானே சொல்றேன். ம்... ம்... வர்றியா? இந்த வாரமேவா? வா கண்ணு, வா. என்ன? மறுபடி சொல்லு, கேக்கலை.

தட்டிட்டா?

ஏங்கண்ணு, பெத்த அப்பன் மக ரூமுக்குக் கதவைத் தட்டிட்டா வருவான்? நல்ல தமாசு பண்றே போ. இது நம்ம ஊடு கண்ணு, உங்க ஆபீஸா? எனக்கு எப்பத் தோணுதோ அப்ப வந்து என்ற புள்ளையப் பாப்பேன். காப்பியக் கையில வெச்சுட்டு எப்படித் தட்டறது, நீயே சொல்லு! ... ஹலோ? கண்ணு? இருக்கறியா? ஆங். மீட்டிங்கா? இப்பவேவா? செரி செரி, போ, பாரு. அப்பறமாக் கூப்புடு. வேலைதான் முக்கியம். வெச்சர்றேன்.

பாத்தீங்களா தம்பி, என்ன கேக்கறான்னு? கதவைச் சாத்தியிருந்தா தட்டிட்டுத்தான் உள்ள வருவீங்களாங்கப்பான்னு கேக்கறா. வர்ற எண்ணம் இல்லாமயா அப்படிக் கேப்பா? இந்த வாரமே வர்றேன்னு வாயில வந்துருச்சு, கேட்டீங்கல்ல? அதுக்குள்ள மீட்டிங்குன்னு கூப்புட்டுட்டானுங்க.

ஏனுங்க என்னையே பாக்கறீங்க? வயரை எடுத்து வெய்யுங்க, நான் காப்பி வெக்கறேன், குடிச்சுட்டுப் போலாம். பாவமுங்க அந்தப் புள்ளை. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. ஊரே லீவு. அங்க நெட்டு நல்லா வருதில்லீங்களா, அதனால ஞாயித்துக்கெழமையும் புடிச்சு வெச்சு வேலை வாங்கறானுங்க.